ஒரே கதை, இரண்டு வேலை: மொழிபெயர்ப்பதும் படமாக்குவதும்

என் அக்கா மகன் காசு சேர்த்து ஒரு கேமரா வாங்கிய வருஷம், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் சிறுகதையை அரைமணி நேரப் படமாக எடுப்பது என்று முடிவு செய்தோம். கதையை எழுதியவர் எங்களுக்குத் தெரிந்த பெரியவர். திரைக்கதை என் பொறுப்பு. மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்ற நினைப்பில், 9 பக்கக் கதைக்கு 41 பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பையன் வந்தான். "மாமா, அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எல்லாம் நல்லா இருக்கு. என்ன செய்யறாங்கன்னுதான் எங்கயுமே இல்லை" என்றான்.

நான் எழுதியிருந்தது திரைக்கதையே அல்ல. தமிழிலிருந்து தமிழுக்கே ஒரு மொழிபெயர்ப்பு! ஒரு வாக்கியமும் விட்டுப்போகக் கூடாது என்ற தொழில் பயம் அப்படியே கூட வந்துவிட்டது. இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. படம் பார்க்கிற மனசோடு மொழிபெயர்க்க உட்கார்ந்து, "இந்த இடம் இழுக்கிறது" என்று அரைப் பக்கத்தைக் காணாமல் போக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தால்தான் எது எங்கே பிரிகிறது என்று கைக்குப் பிடிபடும். அதற்கான வழி இது.

1. ஒரே ஒரு பத்தியோடு தொடங்குங்கள்

முழுக் கதையை எடுக்காதீர்கள். நான் இந்த வழிகாட்டிக்காகவே, எங்கள் கதையின் சாயலில், ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்:

அன்று முழுக்க மூட்டம் விலகவே இல்லை. மாரியம்மா இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்காமலே, "பதினெட்டு" என்றார். இருபத்தொன்றுக்குக் குறையாது என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். "சரிங்க" என்றாள்.

ஆறே வாக்கியம். இதைக் கொண்டு இரண்டு வேலையையும் செய்யலாம்.

2. படம் எடுப்பதானாலும் முதலில் மொழிபெயருங்கள்

உங்கள் நோக்கம் படம்தான் என்றாலும், கதையின் முக்கியமான இரண்டு மூன்று பக்கங்களை உங்களுக்குத் தெரிந்த இன்னொரு மொழியில் எழுதிப் பாருங்கள். அச்சில் போட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு அளவுக்கு ஒரு வரியின் அடிமடியைத் தடவிப் பார்க்க வைக்கிற வேறு வாசிப்பை நான் அறியேன்.

மேலே உள்ள பத்தியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவோம். முதல் சொல்லிலேயே முட்டும். மிஸ்ட், ஃபாக், கிளவுட் மூன்றும் ஆங்கிலத்தில் உண்டு. கோத்தகிரிச் சரிவில் நாம் மூட்டம் என்பது பெரும்பாலும் மேகமேதான். கீழே சமவெளியில் இருப்பவருக்கு அண்ணாந்து பார்க்கிற மேகம், நமக்கு வாசலில் நிற்கிற மூட்டம். மூன்றில் எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று குறையும், ஆனாலும் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது படங்கு. செடி கீறாமலும் ஈரம் ஏறாமலும் இருக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த துணி அல்லது சாக்கு. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. 'ஏப்ரன்' என்று போட்டால் சமையலறை வந்துவிடும். கணக்கப்பிள்ளையும் அப்படித்தான். 'கிளார்க்' என்றால் மேஜை நாற்காலி வருகிறது, 'அக்கவுன்டன்ட்' என்றால் ஆளையே கோயம்புத்தூர் ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறது. நான் இரண்டு சொல்லையும் அப்படியே வைத்துவிட்டு, முன்னும் பின்னும் நடக்கிற காரியத்தை வைத்து வாசகரே புரிந்துகொள்ளட்டும் என்று விடுவேன். கதைக்கு அடிக்குறிப்பு போடுவது எனக்குப் பிடிக்காது. வரலாற்று நூலுக்குப் போடலாம்.

'பதினெட்டு' என்பதில் கிலோ என்ற சொல் இல்லை. சேர்ப்பதா? தோட்டத்தில் யாரும் கிலோ என்று சொல்லி எடை படிக்க மாட்டார்கள், அதனால் சேர்க்காமல் விடலாம். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது வேறு வழியில் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கடினம் 'தெரியும்'. இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை எடையைத் தெரியும். இரண்டாவது தடவை எதைத் தெரியும்? கையால் எடை பார்க்கத் தெரியுமா, எடையில் அடிக்கிறார்கள் என்பது தெரியுமா? தமிழ் வாக்கியம் செயப்படுபொருளை விழுங்கிவிட்டு நிமிர்ந்து நிற்கிறது. ஆங்கிலம் 'எதை?' என்று கேட்கும். அங்கே 'அவர்கள் ஏமாற்றுவதை' என்று எழுதிக் கொடுத்தால் கதாசிரியர் மூடி வைத்ததை நாம் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வாக்கியமாக ஒட்டச் சொல்லி எடிட்டர் கேட்பார். ஒட்டாதீர்கள். அந்தத் திரும்பச் சொல்லுதலில்தான் இருபது வருஷம் இருக்கிறது.

கடைசியாக 'சரிங்க'. அந்த 'ங்க'வில் மரியாதை, பயம், பழக்கம், கொஞ்சம் எகத்தாளம்கூட இருக்கலாம். ஆங்கிலத்தில் 'சார்' சேர்த்தால் பள்ளிக்கூடம் ஆகிறது, சேர்க்காவிட்டால் சம அந்தஸ்து வந்துவிடுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவோர் நிறைய. மலையாளத்தில் இதைச் செய்வதானால் கொழுந்து கிட்டத்தட்டக் கொழுந்தாகவே போய்ச் சேரும், 'ங்க' மட்டும் சேராது. ஒரு விளிச்சொல்லை வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். எந்த மொழிக்குப் போகிறோமோ அதைப் பொறுத்துத் தொலைகிற பொருளும் மாறும்.

இவ்வளவு தவிப்புக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவருக்கு மூன்று காரியம் அனுமதி இல்லை: புதுச் சம்பவம் சேர்க்கக் கூடாது, இருப்பதை எடுக்கக் கூடாது, வரிசையை மாற்றக் கூடாது. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். படத்தில் இவை மூன்றுமே கட்டாயம் ஆகிவிடும்.

3. படம் பிடிக்க முடியாத வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

பென்சிலை எடுத்து, கேமராவும் மைக்கும் பிடிக்க முடிகிற வினைகளை வட்டமிடுங்கள். மாட்டினாள், பார்க்காமலே, என்றார், என்றாள். பிடிக்க முடியாததன் கீழே கோடு. நம் பத்தியில் கோடு விழுவது இரண்டு 'தெரியும்' கீழேயும்தான். அதாவது கதையின் உயிரே கோட்டின் கீழ்தான் இருக்கிறது.

மொழிபெயர்க்கும்போது நம்மை உலுக்கியெடுத்த படங்கு இங்கே ஒரு பிரச்சினையே இல்லை என்பதைக் கவனியுங்கள். இடுப்பில் கட்டினால் தீர்ந்தது. மூட்டத்துக்குப் பெயர் வைக்க வேண்டாம். கணக்கப்பிள்ளையின் சட்டை, பேனா, நிற்கிற தோரணை போதும். பேர்ச்சொற்கள் மொழிபெயர்ப்பாளரைப் படுத்தும், மனசுக்குள் நடக்கிற வினைச்சொற்கள் திரைக்கதை எழுதுபவரைப் படுத்தும். நான் பட்ட பாட்டில் கண்டது இது.

4. தெரிந்ததைத் தெரியவைப்பது எப்படி

நாங்கள் வரிசையாகத் தோற்ற கதை இது.

முதல் யோசனை, பின்னணிக் குரல். "இருபத்தொன்றுக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும்" என்று மாரியம்மா குரலில் ஓடவிடுவது. அது புத்தகத்தை உரக்க வாசிப்பது. பின்னணிக் குரல் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். படம் முழுக்க அவள் குரல் ஒரு பாத்திரமாக இருந்தால் சரி, ஒரு ஓட்டையை அடைக்க மட்டும் வருமானால் வேண்டாம்.

இரண்டாவது, பக்கத்துப் பெண்ணிடம் "மூணு கிலோ அடிச்சுட்டாருடி" என்று சொல்லவைப்பது. எளிதாக இருந்தது, ஆனால் 'சரிங்க' செத்துப்போனது. வெளியே வந்து புலம்புகிறவளுடைய 'சரிங்க' வேறு, புலம்பாதவளுடைய 'சரிங்க' வேறு.

மூன்றாவது, தராசு முள்ளைக் கிட்டத்தில் காட்டுவது. முள் 21-இல் நிற்கிறது, குரல் 'பதினெட்டு' என்கிறது. இதைத்தான் எடுத்தோம். எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால், பார்க்கிறவருக்கு ஏமாற்று தெரிகிறது, அவளுக்குத் தெரிகிறதா என்பது தெரியவில்லை. எண் படிக்கத் தெரியாத பாவப்பட்ட பெண் போல ஆகிவிட்டாள். கதை அவர் திருடுகிறார் என்பதைப் பற்றியது அல்ல, அவளுக்குத் தெரியும் என்பதைப் பற்றியது. கதையைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம்.

நான்காவது வழி பையனுக்குத் தோன்றியது. காலையிலேயே ஒரு காட்சி. புதிதாக வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண், வாய்க்காலைத் தாண்ட முடியாமல் சாக்கோடு நிற்கிறாள். மாரியம்மா அதை ஒரு கையால் வாங்கி, "பதினாறு இருக்கும்" என்று சொல்லிக் கரையில் வைக்கிறாள். எடை போடும் இடத்தில் முதலில் அந்தப் பெண்ணின் முறை. முள் 16-இல் நிற்கிறது. இப்போது இந்தக் கை ஒரு தராசு என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் மாரியம்மா தன் சாக்கைத் தூக்கி மாட்டுகிறாள். 'பதினெட்டு.' அவள் கையை மட்டும் பார்த்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத்தில் 'தெரியும்' என்பது சம்பவத்துக்குப் பின்னால் வரலாம். வாசகர் ஒரு நொடியில் திரும்பிப் போய்ப் பழைய வரியைப் புதிதாகப் படித்துக்கொள்வார். படம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அறிவை முன்கூட்டியே விதைத்தாக வேண்டும். கதையில் இல்லாத ஒரு காட்சி, கதையில் இல்லாத ஒரு ஆள், மாறிப்போன வரிசை என்று மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று குற்றம். ஆனால் பத்தியை ஒட்டியே எடுத்த மூன்று முயற்சியைவிட இதுதான் பத்திக்கு அருகில் நின்றது.

'இருபது வருஷம்' என்ன ஆனது? கருப்பு வெள்ளையில் இளவயதைக் காட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கொழுந்து பறிப்பவர்களின் விரல்களில் சாறு ஏறிக் கருத்திருக்கும், எளிதில் போகாது. உண்மையிலேயே தோட்டத்தில் வேலை செய்த ஒரு அம்மாவை நடிக்க அழைத்தோம். விரல்கள் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டன.

கதாசிரியரிடம் காட்டியபோது, "அந்தச் சின்னப் பொண்ணு யாரு? என் கதையில இல்லையே" என்று கேட்டார். விளக்கினேன். சிறிது நேரம் கழித்து, "அவளுக்கு ஒரு பேர் வெச்சிருக்கலாம்" என்றார். அனுமதி தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

5. நீளத்தைக் கணக்குப் போடுங்கள்

வழக்கமான வடிவில் தட்டச்சு செய்த திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. கல்கியின் ஐந்து பாகப் பொன்னியின் செல்வன் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டே படமாக வந்தது. அந்த நாவலை மொழிபெயர்க்கிறவர் ஒரு பாகத்தையே சுருக்கிவிட முடியுமா? திரைக்கதையில் பாத்திரங்களைக் கழிப்பது, இரண்டு பேரை ஒருவராக்குவது, ஒரு வருடத்தை ஒரு வாரமாக்குவது எல்லாம் அன்றாட வேலை.

இந்தப் படியில் பாடமாகப் படிக்க நல்ல உதாரணம் தேயிலை மலையிலிருந்தே இருக்கிறது. மருத்துவர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதே கதையை அடிப்படையாக வைத்து பாலாவின் 'பரதேசி' 2013-இல் வந்தது. களம் நீலகிரி அல்ல, ஆனைமலை. நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மலையேறுகிறார்கள். தமிழாக்கத்திலும் சேர்ந்தேதான் ஏற வேண்டும். படத்தில் ராசா தனியாகப் போகிறான், அங்கம்மா ஊரில் இருக்கிறாள். பிரித்து வைத்ததால் படத்துக்கு ஒரு காத்திருப்பு கிடைத்தது, கடைசியில் அவள் குழந்தையோடு அந்தத் தோட்டத்துக்கே வந்து சேரும்போது அது அடியாக விழுகிறது. நாவலின் நிதானமான விவரங்கள் பலவற்றைப் படம் இழந்தது என்பது என் குறை. ஆனால் பிரித்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன்.

பூமணியின் 'வெக்கை' (1982) இன்னொன்று. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெற்றிமாறனின் 'அசுரன்' படமும் ஒரே ஆண்டில், 2019-இல் வெளிவந்தன. ஆங்கிலத்தில் நாவல் சிறுவன் சிதம்பரத்தின் தோளை விட்டு நகரவில்லை. படமோ மையத்தை அப்பாவுக்கு மாற்றி, அவருடைய இளமைக் காலம் என்று நாவலில் இல்லாத ஒரு பெரிய பகுதியையே கட்டியது. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்காருங்கள். எந்த வகுப்பும் இதைவிட அதிகம் சொல்லித் தராது.

6. யார் வாயில் எந்தத் தமிழ்

குன்னூர் மார்க்கெட்டில் அரைமணி நேரம் நின்றால் பல தமிழ் காதில் விழும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசின் டேன்டீ தோட்டங்களிலும் மற்ற இடங்களிலும் குடியேறியவர்களின் மலையகத் தமிழ். ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் படுகு பேசி வளர்ந்தவர்களின் தமிழ். கீழேயிருந்து ஏறிவந்த கடைக்காரர்களின் கோயம்புத்தூர்த் தமிழ். எழுத்தாளர் இந்த வித்தியாசத்தை இரண்டு மூன்று சொல்லில் தொட்டுவிட்டுப் போயிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர் இதற்குப் பதிலாக வேறு நாட்டு வட்டார வழக்கு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. மாரியம்மாவை ஸ்காட்லாந்துக்காரி ஆக்கிவிடும். வாக்கிய நீளம், மரியாதையின் ஏற்ற இறக்கம், எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பவற்றால் வேறுபடுத்துவதுதான் பாதுகாப்பு.

படத்தில் இந்த வேலையைக் குரலே செய்துவிடும், ஆனால் பொய் பேசினால் உடனே மாட்டிக்கொள்வீர்கள். நான் எழுதிய வசனத்தை, மாரியம்மாவாக நடித்த அந்த அம்மா ஒரு தடவை படித்துவிட்டு, "நாங்க இப்படிப் பேச மாட்டோம் தம்பி" என்றார். வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னோம். அவர் பேசியதைத்தான் பிறகு எழுதிக்கொண்டோம்.

7. மலை உங்கள் திரைக்கதையைத் திருத்தும்

'அன்று முழுக்க மூட்டம் விலகவே இல்லை' என்று எழுத இரண்டு நொடி. எடுக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. காலை 10 மணிவரை அருமையான மூட்டம். எடைக் காட்சியின் பாதி முடிந்தபோது வெயில் அடித்தது. மறுநாள் காலையிலிருந்தே வெயில். இரண்டு பாதியும் ஒட்டவில்லை. கடைசியில் எடை போடும் கொட்டகைக்குள் கேமராவைத் திருப்பி, வெளியே தெரியாதபடி எடுத்து, தகரக் கூரையில் சொட்டுகிற சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தோம். மூட்டம் படத்தில் பாதி கண்ணுக்கு, மீதி காதுக்கு.

பருவத்தையும் பாருங்கள். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 'ஜூலை மழையில்' என்று கதையில் இருந்து நீங்கள் கோத்தகிரியில் எடுப்பதானால், மாதத்தைத் திரைக்கதையில் மாற்றுங்கள். மொழிபெயர்ப்பாளர் மாதத்தில் கை வைக்க முடியாது. பழனி மலைக் கதை ஒன்றில் 'குறிஞ்சி பூத்த வருஷம்' என்று வந்தால் இன்னும் வேடிக்கை. மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொற்றொடரை அப்படியே தாண்டிவிடுவார். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. கொடைக்கானல் பக்கம் 2006-இலும் 2018-இலும் பூத்தது. நீங்கள் 2030 வரை கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பூவைப் பேச்சிலும் பாட்டிலும் வரவைக்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டத்துக்குள் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கீழேயிருந்து ஆள் வருவதானால் அதையும் கணக்கில் வையுங்கள்.

8. உரிமை (இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்)

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் மொழிபெயர்க்கும் உரிமை, தழுவும் உரிமை, படமாக்கும் உரிமை மூன்றையும் தனித்தனியாகவே சொல்கிறது. ஆகவே 'மொழிபெயர்க்க அனுமதி வாங்கிவிட்டேன், அப்படியே படமும் எடுத்துக்கொள்கிறேன்' என்பது செல்லாது. மறுபக்கமும் உண்டு: ஒரு தமிழாக்கத்தைப் படித்து அதை வைத்தே படம் எடுத்தால், மூல ஆசிரியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், என் தொழில் என்பதால் நான் மறப்பதில்லை.

ஆசிரியர் காலமான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுவரை உரிமை நீடிக்கும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றுக்கு இன்னொருவர் செய்த மொழிபெயர்ப்பு நாட்டுடைமை ஆகிவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதாவிட்டால், ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். குறும்படம்தானே, பெரியவர் தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நாங்கள் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அவருக்கு அது மரியாதையாகவே பட்டது.

9. சப்டைட்டில்: இரண்டும் மறுபடி சந்திக்கும் இடம்

படம் முடிந்ததும் மொழிபெயர்ப்பு திரும்பி வரும், இந்த முறை கை கால் கட்டப்பட்டு. பொதுவாகத் திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஆங்கிலத்தில் வரிக்கு 40 எழுத்து சுமார், ஆறேழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. பார்வையாளர் படிக்கிற நேரத்தில் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே படத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். அந்த அம்மா சாக்கைக் காட்டி "இந்தா, இதப் புடி" என்றால், கை நீட்டுவதே போதும்.

எங்கள் படத்திலும் அந்த 'சரிங்க' இருந்தது. சப்டைட்டிலுக்காக நான்கு வகை எழுதினேன். 'சார்' போட்டது, போடாதது, 'நீங்கள் சொன்னால் சரி' என்று நீட்டியது, வெறும் 'ஓகே'. நான்கையும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் கண் கீழே எழுத்துக்குப் போய் மேலே வருவதற்குள் சாக்கின் கொக்கியைக் கழற்றுகிற அந்தக் கை முடிந்துபோயிருந்தது. ஐந்தாவதாக அந்த வரியையே எடுத்துவிட்டு ஓடவிட்டான் பையன். ஒன்றரை நொடி, திரையின் அடியில் எழுத்தே இல்லை, மேலே தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது.

"இப்படியே இருக்கட்டுமா மாமா?" என்றான். கோப்பைச் சேமிக்கச் சொன்னேன்.